உங்களுடையதுதான்

1321 ஆபான் 14 (ஆங்கிலக் கணக்கில் 1942 நவம்பர் 5). இன்று ஒரு சிறிய தவறு. அப்பா சொன்னதைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்துவிட்டேன்.

நாட்குறிப்பு நோட்டில் எழுதி முடித்ததும், இது சிறியதுதானா என்று தூரானுக்கே சந்தேகம் வந்தது.

ஆங்கிலேயப் படை ஈரானின் கெர்மான்ஷா நகருக்குள் வந்ததும், தூரான் வீட்டு மாடியை ஒரு கேப்டன் தங்குவதற்கு எடுத்துக்கொண்டார்கள். மாலை வகுப்பில் ஓராண்டு ஆங்கிலம் படித்த தூரான்தான் வீட்டில் அவனுடன் பேசத் தெரிந்தவள். ஆனால் கீழே வந்தால் அவன் கண் தேடுவது அக்கா பரங்கிஸை. அக்காவுக்குத் தெரிந்தது ‘தேங்க்யூ’ மட்டும். அதற்கே பூரித்துப்போவான். தூரான் இரவல் அகராதி பார்த்துக் கோர்த்த வாக்கியங்களுக்குத் தலையாட்டுவதோடு சரி.

இன்று மாலை தேநீருக்கு வந்தவன், கூடத்துக் கம்பளத்தை வாயாரப் புகழ்ந்தான். அக்காவின் கல்யாணச் சீர் அது. ரொட்டிக்கு வரிசையில் நிற்கும் இந்தப் பஞ்சத்திலும் அப்பா விற்காமல் வைத்திருந்தது.

“என்னம்மா சொல்றாரு?”

“கம்பளம் ரொம்ப அழகாம், அப்பா.”

“உங்களுக்கு முன்னாடி இதெல்லாம் ஒண்ணுமே இல்ல, உங்களோடதுதான்னு சொல்லு.”

ஒரு பொருளைப் புகழும் விருந்தாளியிடம் எந்த ஈரானிய வீட்டிலும் மரியாதைக்குச் சொல்வதுதான். விருந்தாளியும் ‘உங்களிடமே இருக்கட்டும்’ என்பார். தூரான் இதையெல்லாம் வழக்கமாக வெறும் நன்றியாக மாற்றிவிடுவாள். அப்போது பரங்கிஸ் கோப்பையை நீட்டினாள். கேப்டன் அவளைப் பார்த்துச் சிரித்தான்.

“இது உங்களுடையது, எடுத்துக்கொள்ளுங்கள்” என்று ஆங்கிலத்தில் சொன்னாள் தூரான். இலக்கணம் துளியும் பிசகவில்லை.

அவன் முகம் மலர்ந்தது. முதல் முறையாகத் தூரானின் கையைப் பிடித்துக் குலுக்கினான். இரண்டு சிப்பாய்கள் வந்து கம்பளத்தைச் சுருட்டினார்கள். அப்பா சிரித்த முகம் மாறாமல் நின்றார்.

“என்னடி சொன்னே அவன்கிட்ட?” என்றாள் பரங்கிஸ், அவன் மாடியேறியதும்.

“அப்பா சொன்னதத்தான்.”

“என் கண்ணப் பாத்துச் சொல்லு.”

“உனக்குத்தான் தேங்க்யூ தெரியுமே, நீயே போய்க் கேளேன்!”

பரங்கிஸ் வெறுந்தரையில் உட்கார்ந்து அழுதாள். அழும்போதும் அவள் அழகாகத்தான் இருந்தாள். அதுவும் தூரானுக்கு எரிந்தது.

“மாப்ள வீட்டுக்கு என்னத்தக் கொண்டுபோவா?” என்றார் அப்பா. “உங்களோடதுன்னு என் வாயால சொல்லிட்டேன். எப்படிம்மா திருப்பிக் கேப்பேன்?”

அவரால் முடியாது. பரங்கிஸுக்கு மொழி தெரியாது. தூரான் நோட்டில் அடுத்த வரியை எழுதினாள்:

நாளை காலை எட்டு மணிக்கு மாடிக்குப் போய், அப்பா சொன்னது மரியாதைப் பேச்சு, பொறாமையில் அதை மாற்றிச் சொன்னவள் நான் என்று கேப்டனிடம் சொல்லிக் கம்பளத்தைத் திருப்பிக் கேட்க வேண்டும்.