அஸருக்குப் பிறகு சண்டை

பளீல் ஹாஜியாரைக் கதிரையிலிருந்து எழுப்புவதற்கு இரண்டு பேர் வேண்டியிருந்தது. மகள் நதீரா ஒரு கையைப் பிடிப்பாள், மருமகன் றாஸிக் மற்றக் கையைப் பிடிப்பான். அவருக்கு நோய் என்று ஒன்றும் இல்லை. ஒருமுறை முற்றத்தில் வழுக்கி விழப் பார்த்தார், அவ்வளவுதான். அன்றிலிருந்து நதீரா அவரை நடக்க விடவில்லை. தொழுகைக்கு முன் ஒழுச் செய்யத் தண்ணீர் கதிரைக்கு வந்தது. கஞ்சியும் கதிரைக்கு வந்தது. முள் தொண்டையில் சிக்கிவிடும் என்று மீனையே நிறுத்தினாள். அவள் வைத்த அன்பில் அவருடைய தொடைகள் மெலிந்து, சாரம் இடுப்பில் நிற்காமல் வழுகத் தொடங்கியது.

டொக்டர் மர்ஷூதா அவரைச் சோதித்துவிட்டு மகளைத்தான் ஏசினார்.

"இது வருத்தமில்ல, தளர்ச்சி. பாவிக்காத தசை கரைஞ்சு போகும். முட்டை குடுங்க, மீன் குடுங்க, நடக்க வைங்க. கதிரையில இருந்து அவராவே எழும்பட்டும்."

நதீரா வீட்டுக்கு வந்து கெஞ்சினாள். ஹாஜியார் அசையவில்லை.

"என்னத்துக்கு மகள் எழும்புற? எழும்பி எங்க போற?" என்று கேட்டார்.

ஒரு பின்னேரம் அடுத்த தெரு ஸலாஹுதீன் பொல்லை ஊன்றிக்கொண்டு வந்து, அவர்கள் வீட்டு வாசலில் நின்ற மீன்காரனிடம் கதை கொடுத்தார். அவருக்கும் ஹாஜியாரின் வயதுதான். இளமையில் இருவரும் ஒரே போகத்தில் லேண்ட்மாஸ்டர் வாங்கியவர்கள். அது கையால் பிடித்து உழுகிற இரண்டு சக்கர இயந்திரம். ஊருக்கு முதலில் கொண்டு வந்தது யார் என்பதில் அன்று முறிந்த பேச்சு, பிறகு ஒட்டவேயில்லை.

"இந்த ஊருக்கு முதல் லேண்ட்மாஸ்டர் இறக்கின ஆள் நான்தான்," என்றார் ஸலாஹுதீன் மீன்காரனிடம்.

நதீரா கஞ்சிக் கோப்பையோடு திரும்பியபோது கதிரை காலியாக இருந்தது. வாப்பா கேற்றடியில் நின்றார்.

"பொய்! உன்ட மெசின் வரக்குள்ள என்ட மெசின் அரைவாசி வயல்வெளிய உழுது முடிச்சிட்டு!"

"உழுததா? வாய்க்காலுக்குள்ள குப்புறக் கிடந்தத ஊரே பார்த்த!"

பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை ஓயவில்லை. உள்ளே வந்த ஹாஜியார் கஞ்சியைத் தள்ளி வைத்தார். "இந்த ஊட்டுல மீன் ஆக்கிறல்லையா?" என்றார்.

மறுநாள் பழையபடி கதிரைக்குள் சுருண்டுவிட்டார். நதீரா டொக்டருக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னாள். டொக்டர் ஒன்றைத்தான் கேட்டார்.

"அந்த மனிசன் திரும்பி வருவாரா?"

"ஏன் டொக்டர்?"

"மருந்த ஒருக்காக் குடுத்தாப் போதுமா?"

நதீரா அன்றே ஸலாஹுதீனின் மகள் நப்லாவிடம் போனாள். எப்படிக் கேட்பதென்று தெரியாமல் நேரடியாகவே கேட்டாள்.

"தங்கச்சி, எங்கட வாப்பாவோட சண்டை பிடிக்க ஒங்கட வாப்பாவ ஒவ்வொரு நாளும் அனுப்ப ஏலுமா?"

நப்லா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நானே கேட்டு வர இருந்த ராத்தா. நேற்று சண்டை பிடிச்சிட்டு வந்து, முட்டை பொரிச்சுத் தா எண்டு கேட்டுச் சாப்பிட்டார். எப்ப பார்த்தாலும் பிஸ்கட்டத் தேத்தண்ணியில நனைச்சுத் தின்ட மனிசன்!"

அப்படித்தான் ஏற்பாடு நடந்தது. பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் நப்லா தன் வாப்பாவின் காதில் எதையாவது போடுவாள். அவர் பொல்லை எடுத்துக்கொண்டு புறப்படுவார். இரு வீட்டு மருமகன்களும் சற்றுத் தள்ளி நின்று, யாரும் குறுக்கே புகுந்து சமாதானம் செய்துவிடாதபடி பார்த்துக்கொண்டார்கள். கேற்றடி போதாதென்று டொக்டர் சொன்னதும் சண்டையைச் சந்திக்கு மாற்றினார்கள். பிறகு கடற்கரைக்கு. மணலில் நடப்பது கால்களுக்கு நல்லது என்றார் டொக்டர். "அவர் கடற்கரையில நின்டு ஒங்களப் பத்திக் கதைக்கிறாராம்" என்று நதீரா சொன்னால் போதும், ஹாஜியார் செருப்பைத் தேடுவார்.

ஒருநாள் ஆதாரம் காட்டுவதற்காக, சேற்று உழவுக்குப் பூட்டுகிற பழைய இரும்புச் சக்கரத்தைக் கொட்டிலிலிருந்து இழுத்து வந்தார். ஸலாஹுதீன் விடுவாரா? அடுத்த நாள் அவர் தன் கலப்பையோடு வந்தார். பாரம் தூக்குவது தசைக்கு மிகவும் நல்லது என்று டொக்டர் மகிழ்ந்தார், முதுகை மட்டும் வளைக்கக் கூடாது என்றார். அதனால் சண்டை உச்சத்தில் இருக்கும்போது நதீராவின் குரல் கேட்கும்:

"வாப்பா, முழங்கால மடக்கித் தூக்குங்க!"

இருவருக்கும் சாரம் இடுப்பில் நின்றது. ஸலாஹுதீன் பொல்லை வீட்டிலேயே மறந்துவிட்டு வரத் தொடங்கினார்.

கேடு நல்லவர்களால் வந்தது. மரணம் நெருங்குகிற வயதில் இப்படிப் பகை பாராட்டுவது பாவம் என்று பள்ளிவாசல் நிருவாகத்தினர் கவலைப்பட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு இருவரையும் எதிரெதிரே இருத்தி, இரண்டு இயந்திரங்களும் ஒரே நாளில் வந்ததாகத் தீர்ப்புச் சொன்னார்கள். இருவரும் கட்டிப் பிடித்து அழுதார்கள். ஊரே அல்ஹம்துலில்லாஹ் என்றது. நதீராவும் நப்லாவும் வேறு காரணத்துக்காக அழுதார்கள்.

ஒரு மாதத்துக்குள் இருவரும் கதிரைக்குத் திரும்பிவிட்டார்கள்.

"வாப்பா, ஒங்கட மெசின் தகர டப்பா எண்டு அவர் சொன்னாராம்," என்று நதீரா பொய் சொல்லிப் பார்த்தாள்.

"சொன்னாச் சொல்லட்டும் மகள். அவனும் நல்ல மனிசன்," என்றார் ஹாஜியார் கண்ணை மூடிக்கொண்டு. அவள் பயந்து போனாள்.

டொக்டர் இருவரையும் ஒரே நாளில் கல்முனையிலுள்ள தன் கிளினிக்குக்கு வரச் சொன்னார். கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு, கதிரையிலிருந்து எழுந்து எழுந்து உட்கார வேண்டும், அரை நிமிடத்தில் எத்தனை முறை முடிகிறதென்று பார்ப்பதுதான் சோதனை. ஸலாஹுதீன் முதலில் தொடங்கினார். ஹாஜியார் அரைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது முறையில் அவர் கண் முழுதாகத் திறந்தது.

"டொக்டர், கைய ஊண்டுறான்!"

"ஆரு ஊண்டின? நெஞ்சிலதானே கை இரிக்கு!"

"நான் பார்த்த! கள்ளன்!" என்று எழுந்து நின்றார் ஹாஜியார். "தள்ளு, எப்படி எழும்புற எண்டு நான் காட்டுறன்."

டொக்டர் குனிந்து எதையோ எழுதுவதுபோல் பாவனை செய்தார். நப்லா வாயைப் பொத்திக்கொண்டாள். கதிரையை யார் முதலில் பிடிப்பது என்று அங்கே ஓர் இழுபறி நடந்தது, அதில் கதிரையின் கைப்பிடி ஒன்று கழன்றது.

வெளியே ஆட்டோ காத்து நின்றது. இருவரும் அதைக் கண்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. கல்முனைப் பிரதான வீதியோரமாக, கையை ஆட்டி ஆட்டி, வேகமாகத் தங்கள் ஊரான சாய்ந்தமருது பக்கம் நடந்தார்கள். நதீராவும் நப்லாவும் ஆட்டோவில் ஏறி, மெல்லப் போகச் சொன்னார்கள்.

"ஏத்திட்டுப் போவமா?" என்று கேட்டான் ஆட்டோக்காரன்.

"வேணாம்," என்றாள் நதீரா. "சத்தம் கேக்கிற தூரத்தில வாங்க, போதும்."