வெளிநாட்டுக்காரர்களுக்கான படம்

இரண்டு மணிக் காட்சிக்குப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது அரங்கின் வாசலில் ஒரு பேருந்து வந்து நின்றது. மேல்தளத்துச் சிறிய அறையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த பிளாங்கா சன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். இறங்கியவர்கள் எல்லோரும் அவளுடைய ஊர்க்காரர்கள். கல்யாணத்துக்குப் போடும் கோட்டுகள். சிலர் கையில் இன்னும் காகிதம் சுற்றிய ரொட்டி, உள்ளே பொரித்த இறைச்சி. அது இல்லாமல் அந்த ஊரில் யாரும் பேருந்தில் ஏறுவதில்லை. கடைசியாக லுபோஷ் இறங்கினான். அவன் கை அவளுடைய அப்பாவின் தோள்மேல் இருந்தது.

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

செக் நாட்டின் புதிய படங்களை வெளிநாட்டுக்காரர்களுக்குக் காட்டும் விழா அது. படம் வாங்க வருகிறவர்கள், தூதரகத்து ஆட்கள், பிராகில் படிக்கும் மாணவர்கள். உள்ளூர்க்காரர்கள் வருவதே இல்லை. அதை நம்பித்தான் போன குளிர்காலத்தில் அப்பாவிடம் அவள் சொன்னாள், "வெளிநாட்டுக்காரங்கதான் பாப்பாங்கப்பா. தைரியமா பேசுங்க." நாற்பது வருடம் ஊர் மீன்குளத்தைக் காவல் காத்த அவள் அப்பா யாரொமீர், ரயிலில் எதிரே உட்கார்ந்த அந்நியனிடம் பேசுவதுபோல, இயக்குநர் சில்வியேயின் கேமராவிடம் பேசிவிட்டார்.

வெள்ளம் வந்த வருடம் ஆற்று நீர்தான் ஊருக்குள் புகுந்தது என்று எல்லோரும் நம்பினார்கள். இல்லை. கரை நிறைந்து கெண்டைகள் வெளியே போய்விடும் என்று பயந்து, வெள்ள எச்சரிக்கைச் சங்கு ஊதுவதற்கு அரைமணி முன்னால் யாரிடமும் சொல்லாமல் அவர்தான் மதகுப் பலகைகளை உருவிக் குளத்து நீரைத் திறந்துவிட்டார். லுபோஷின் அம்மா நிலவறையிலிருந்த முயல் கூண்டுகளை எடுக்க இறங்கியிருந்தாள். மேலே வரவில்லை. அதற்குப் பிறகும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் லுபோஷ் அவரிடம்தான் கெண்டை வாங்குகிறான்.

அப்பா இதைச் சொல்லும்போது திரையின் அடியில் வர வேண்டிய பதினான்கு வரிகளை ஆங்கிலத்தில் எழுதியவள் பிளாங்காதான். எங்கள் குளத்தைப் பற்றிய படமாமே என்று மேயர் விழாக்காரர்களுக்குக் கடிதம் போட்டதும், அவர்கள் மகிழ்ந்துபோய் நாற்பது இருக்கை ஒதுக்கியதும், விழா ஊழியர் ஒருவர் சொல்லி அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

படிகளில் ஓடி இறங்கினாள். சில்வியே நுழைவாயிலில் யாருக்கோ கைகொடுத்துக்கொண்டிருந்தாள்.

"மதகு வர்ற இடத்த மட்டும் எடுத்துடேன், சில்வியே. இன்னைக்கு மட்டும்."

"அது இல்லன்னா படமே இல்ல, பிளாங்கா. உங்கப்பா கையெழுத்துப் போட்டுத்தானே குடுத்தாரு."

அப்பா ஆறாவது வரிசையில் இருந்தார். பக்கத்து இருக்கையில் லுபோஷ்.

"வா பிளாங்கா. நம்ம அண்ணன் நடிகர் ஆயிட்டாரு, இனி மீனுக்கு ரெண்டு மடங்கு விலை கேப்பாரு," என்று லுபோஷ் சிரித்தான். பிறகு சிரிக்காமல், "வெள்ளத்தப் பத்தி பேசியிருக்காராமே. எங்கம்மா பேரு வருதா?" என்றான்.

"எனக்கு... ஞாபகம் இல்ல," என்றாள். அப்பாவின் பக்கம் குனிந்து, "எந்திரிச்சு வாங்கப்பா. உடம்பு சரியில்லன்னு சொல்லிக்கலாம்."

அவர் தன் முழங்கால்களையே பார்த்தார். "இடம் போட்டு வச்சிக் கூட்டிட்டு வந்திருக்கான். இப்ப எந்திரிச்சா ஏன்னு கேக்க மாட்டானா?" என்று முணுமுணுத்தார். "அஞ்சு மணிக்கு இதே வண்டிலதான் திரும்பணும்."

விளக்குகள் மங்கின. அவள் மேலே தன் அறைக்கு ஓடினாள்.

அங்கே அவள் வேலை ஒன்றுதான்: திரையில் ஒருவர் பேசும்போது விசையை அழுத்த வேண்டும், அடியில் ஆங்கில வரி வரும். படம் ஓடும் இயந்திரம் வேறு அறையில், பூட்டிய கதவுக்குப் பின்னால். ஒலி அவள் கையில் இல்லை. அவளால் மறைக்க முடிந்தது வெளிநாட்டுக்காரர்களிடம் மட்டும், தெரிந்தாலும் பாதகமில்லாதவர்களிடம்.

பனி விழும் குளம் வந்தது. வலை இழுத்தார்கள். தங்களைத் திரையில் பார்த்த ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர்களுக்கு அரை நொடி பிந்தி, வரியைப் படித்துவிட்டு, வெளிநாட்டுக்காரர்களும் சிரித்தார்கள். நாற்பத்தோராவது நிமிடத்தில் அப்பா சமையலறை மேசைமுன் உட்கார்ந்தார். சூப் தட்டை நகர்த்தி வைத்தார்.

"பலகைய உருவுனது நான்தான்," என்றது அவர் குரல், அரங்கம் முழுவதும்.

பிளாங்காவின் விரல் விசைமேல் இருந்தது. அழுத்தவில்லை. அடுத்த வரியையும் அழுத்தவில்லை. அப்பா பேசிக்கொண்டே போனார். முகத்துக்கு அடியில் திரை கறுப்பாகவே கிடந்தது. ஏதோ பழுது என்று நினைத்து முன்வரிசைகளில் சிலர் அறைப் பக்கம் திரும்பிக் கையை உயர்த்தினார்கள். ஊர்க்காரர்கள் இருந்த பின்வரிசைகளில் யாரும் அசையவில்லை. ரொட்டிக் காகிதம்கூடச் சரசரக்கவில்லை.

ஐந்தாவது வரிசையில் நரைத்த கூந்தல் கொண்ட ஒரு வெளிநாட்டுப் பெண் எரிச்சலோடு மேலே திரும்பினாள். வழியில் அவள் பார்வை ஆறாவது வரிசையில் தட்டி நின்றது. திரையின் வெளிச்சம் அங்கே இரண்டு ஆண்களின் முகத்திலும் ஒன்றுபோல விழுந்துகொண்டிருந்தது. அவள் முதலில், திரையில் பேசிக்கொண்டிருந்த அதே முகத்தைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தாள். வரி வராமலே ஏதோ புரிந்தவள்போல, மெல்லத் தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, இருக்கையின் நுனிக்கு நகர்ந்தாள்.