ஓட்டின் மறுபாதி

வெளியூர் போய்த் திரும்பினால் ஓட்டுத்துண்டைக் காட்டித்தான் வீட்டுக்குள் நுழைய வேண்டும். எங்கள் தெருவில் எல்லோருக்கும் அதுதான் வழக்கம். புறப்படும்போது ஒரு மண் ஓட்டை உடைத்து, பாதியை வீட்டில் வைப்போம். பாதி சட்டைப் பையில்.

செவ்வாய்க்கிழமை என் பாதி பொருந்தவில்லை.

"ஓரத்துல ஒரு பயறளவு இடிக்குதுங்க," என்றாள் என் மனைவி அங்கயற்கண்ணி. கதவில் சங்கிலி போட்டிருந்தது. "வேற வீடு பாருங்க."

"நான் உன் புருஷன்டி."

"வர்றவங்க எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க."

மறுநாள், ஓடு சரிபார்க்கும் ஆபீசுக்குப் போனேன். நடக்க நடக்க வராந்தா நீண்டது. கடைசி மேசையில் வேட்டி கட்டிய கிரேக்கர் இருந்தார். பெயர் தியோன்.

"சும்போலோன்," என்றார். "எங்க பாஷையில இதுக்கு அதான் பேரு. சுன்னுன்னா சேர்த்து. பல்லோன்னா போடு. ரெண்டையும் சேத்துப் போட்டுப் பாக்கிறது. எங்க ஊர்ல விருந்தாளிகிட்ட பாதி, வீட்டுக்காரர்கிட்ட பாதி. பேரன் கொண்டுவந்தாலும் பொருந்தினா சாப்பாடு உண்டு. அடையாளம், சின்னம்ங்கிற அர்த்தமெல்லாம் அப்புறமா வந்தது."

"பொருந்தலைன்னா?"

"அதுக்கு ஃபாரம் இல்லைங்க அண்ணாச்சி."

வெளியே பெஞ்சில் ஒருவர் அரை ஓட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"பொருந்தும். போகத்தான் பிடிக்கலை," என்றார். "மாத்திக்கலாமா?"

வேண்டாதவன் போல முகத்தை வைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் பேசப் பழகுமுன் அதைப் பழக்கிவிடுவார்கள். மாட்டுச் சந்தையில் செய்வதுபோல் கைகள் மேல் தோள்துண்டை விரித்தோம். அடியில் அவர் என் மூன்று விரலைப் பிடித்தார். ஒரு விரலுக்கு இறக்கினேன். எதில் ஒன்று என்று இருவரும் கேட்கவில்லை. பேரம் படிந்த பிறகும் அவர் விரலை விடவில்லை. நானும் உருவிக்கொள்ளவில்லை. பிறகு ஓடுகளை மாற்றிக்கொண்டோம்.

என் வீட்டுக்கு வந்து அவர் ஓட்டை நீட்டினேன். பொருந்தியது. ஒட்டிய கோடுகூடத் தெரியவில்லை. சங்கிலி இறங்கியது.

"வாங்க," என்றாள். காப்பி வந்தது. "சீனி போடலை. உங்களுக்குத்தான் ஆகாதே."

எனக்கு மூன்று கரண்டி வேண்டும். குடித்தேன்.

அவள் எதிரில் உட்கார்ந்தாள். "நேத்து ஒருத்தர் வந்தாருங்க. ஒரு பயறளவுதான் இடிச்சுது. அனுப்பிட்டேன். ராத்திரி பூரா தூக்கமே வரலை. மறுபடி வந்தா, இடிச்சாலும் பரவாயில்லைன்னு திறந்துடலாமான்னு இருக்கு."

டம்ளரை வைத்தேன்.

"திறக்காதே," என்றேன். "அப்புறம் கண்டவனெல்லாம் வருவான்."