வாய்க்கட்டு

ஊரெல்லாம் வாயைத் திறக்கச் சொல்லும் பல் ஆஸ்பத்திரியில், வாயை மூடச் சொல்லும் கூட்டம் அது. வாரநாட்களில் தாடையைப் பிடித்துக்கொண்டு நோயாளிகள் காத்திருக்கும் முன்னறை, மாதத்தில் ஒரு ஞாயிறு மதியம் எழுத்தாளர்களுக்கு. டாக்டருக்குக் கதையும் ஆகாது, கவிதையும் ஆகாது. வரவேற்பு மேஜையில் இருப்பவள் கேட்டாளே என்று சாவியைக் கொடுத்தார். அதைத் திருப்பிக் கேட்க இன்றுவரை அவருக்கு மனசு வரவில்லை.

மேஜைக்காரியை எல்லோரும் 'அக்கா' என்பார்கள், அவளைவிட மூத்தவரான புரூஃப் ரீடர் உட்பட. அவளுக்கு முன்பும் நகரத்தில் எழுதுகிறவர்கள் இருந்தார்கள். ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து, அடுத்தவன் எழுதியதைப் படிக்காமலே திட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா அவர்களை ஒரே அறையில் உட்காரவைத்தாள். படித்துவிட்டுத் திட்டுங்கள் என்றாள்.

அதற்கு அவள் கண்டுபிடித்த முறைதான் வாய்க்கட்டு. கதையைப் பெயரில்லாமல் அவளிடம் கொடுத்துவிட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே எழுத்தில் அவளே டைப் செய்வாள். எழுதியவரைத் தவிர வேறு யாராவது உரக்கப் படிப்பார்கள். பேசி முடியும்வரை, "இது என்னோடது" என்றும் சொல்லக்கூடாது, "என்னோடது இல்லை" என்றும் சொல்லக்கூடாது. கடைசியில் எழுதியவர் கை தூக்கலாம்.

இத்தனை காலம் பிறர் கதையையே டைப் அடித்த அக்கா, இந்த மாதம் தன் கதை ஒன்றையும் நடுவில் செருகியிருந்தாள். வாழ்க்கையில் முதல் கதை. அவளுடையது என்று தெரிந்தால் அரைவேக்காட்டையும் ஆஹா என்பார்கள். தேறுமா, தேறாதா? ஒளிவுமறைவில்லாத ஒரே ஒரு பதில் போதும். தேறாவிட்டால் சத்தமில்லாமல் டைப் மிஷினுக்குத் திரும்பிவிடலாம் என்றிருந்தாள்.

புரூஃப் ரீடர் அந்தக் கதையைப் படித்தார். மனைவியை இழந்த ஒருவன். அவளுடைய செல்போனில் தினமும் விடியற்காலை அலாரம் அடிக்கிறது. போனைத் திறக்கும் எண் தெரியாததால் அலாரத்தை அடியோடு எடுத்துவிட முடியாது. தானாக நிற்கும்வரை கேட்டுக்கொண்டே இருக்கிறான். ராத்திரி மறக்காமல் அதற்குச் சார்ஜ் போடுகிறான். மூன்றாம் பக்கத்தில் குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் கதறி அழுகிறான்.

அவர் படித்து முடித்தார். எல்லார் கண்ணும் ஒரே நாற்காலியில் போய் நின்றது. அதில் உட்கார்ந்திருந்தவர் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர். 'சைரன்' என்று செல்லப்பெயர். போன வருஷம் மனைவி தவறியதிலிருந்து ஒரு வரி எழுதவில்லை. ஆனாலும் ஒரு கூட்டமும் தப்பவிடாமல் வந்து உட்காருவார்.

இப்படி ஆகும் என்று அக்கா யோசிக்கவே இல்லை. அவள் எழுதியது, அம்மாவை இழந்த தன் அப்பாவை நினைத்து.

பிழை பிடித்தே சோறு தின்கிற புரூஃப் ரீடர், கண்ணாடியைத் துடைத்தபடி, "ஒரு குறையும் சொல்றதுக்கில்ல" என்றார். அப்போதே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது, இது பாராட்டு இல்லை, ஆறுதல்.

கணக்கு டீச்சர் மூக்கை உறிஞ்சினாள். அவள் அக்காவின் நாத்தனார். "எழுதினது யாரா இருந்தாலும், மனசு லேசாகட்டும்" என்று சைரனைப் பார்த்தே சொன்னாள்.

"ஏன் எல்லாரும் என்னையே பாக்குறீங்க?" என்றார் சைரன்.

"யாரு பாத்தா? நாங்க பொதுவா பாக்குறோம்" என்றார் புரூஃப் ரீடர், கூரையைப் பார்த்துக்கொண்டு.

சைரன் வாயைத் திறந்தார், மூடினார். இல்லை என்று சொல்ல வாய்க்கட்டு விடாது. கடைசியில் பொறுக்க முடியாமல், "சரி, நான் சொல்றேன். மூணாம் பக்கம் சுத்தப் பொய்" என்றார்.

"பாருங்க, என்ன தன்னடக்கம்!" என்று டீச்சர் கிசுகிசுத்தாள்.

"தன்னடக்கமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. குழாயத் தொறந்துவிட்டு அழறது சினிமா. அப்ப அழுகையெல்லாம் வராதும்மா. வந்தவங்க சாப்பிட்டாங்களா, கேஸ் தீந்துபோச்சா, இதுதான் மண்டைக்குள்ள ஓடும். ஆனா போனுக்குச் சார்ஜ் போடுறான் பாருங்க, அது நெஜம். அந்த ஒரு வரியை எழுதின கைய பிடிச்சுக்கணும் போல இருக்கு."

அக்கா குனிந்து மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவள் கேட்ட பதில் கிடைத்துவிட்டது. அந்த அறையிலேயே தயவுதாட்சண்யம் இல்லாமல் பேசியவர் அவர் ஒருவர்தான். பேசாமல் இருந்துவிட்டால் வந்தது லாபம்.

"கை தூக்கலாம்" என்றார் புரூஃப் ரீடர்.

யாரும் தூக்கவில்லை. சைரன் இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்.

"தூக்குங்கண்ணா, நம்மகிட்ட என்ன வெக்கம்?" என்றாள் டீச்சர்.

சைரனின் முகம் சிவந்தது. தான் எழுதாத துக்கத்துக்குத் துக்கம் விசாரிக்கப்பட்டு, மறுக்கவும் முடியாமல் அந்த மனிதர் நெளிவதை அக்காவால் பார்க்க முடியவில்லை. கையைத் தூக்கினாள்.

"என்ன அண்ணி, டீ சொல்லவா?"

"இல்லடி. கதை என்னோடது."

டீச்சரின் கைக்குட்டை பாதிவழியில் நின்றது. "அடிப்பாவி அண்ணி! ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு எனக்கே தெரியாம!"

அடுத்து என்ன வரும் என்று அக்கா பயந்தாளோ அதுதான் வந்தது. புரூஃப் ரீடர் எழுந்து தொண்டையைக் கனைத்தார். "அக்கா, இந்த அறை இல்லேன்னா நாங்கள்லாம் இன்னும் ஆளுக்கொரு மூலையிலதான் கெடந்திருப்போம். உங்களுக்கு நாங்க..."

"ஐயா, உக்காருங்க" என்றார் சைரன். "மாலை போடுறதுன்னா வாசல்ல வச்சுப் போடுங்க. இங்க கதை இன்னும் முடியல." அக்கா பக்கம் திரும்பினார். "வருஷம் பூரா ஒரு வரி எழுதாதவனுக்கும் நாற்காலி போட்டு வச்சீங்க. ஏன் எழுதலன்னு ஒரு வார்த்தை கேக்கல. அதுக்காகவே சொல்றேன், மூணாம் பக்கம் பொய்தான். தூக்கிப் போடுங்க."

புரூஃப் ரீடர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். "உண்மையச் சொல்லணும்னா, முதல் பத்தி வளவளன்னு இருக்கு. அலாரம் அடிக்கிறதுல ஆரம்பிச்சிருக்கலாம்."

"ஒரு குறையும் இல்லன்னீங்களே!" என்றாள் அக்கா.

"அது சைரன் கதைக்கு."

அறை குலுங்கச் சிரித்தது. "அந்த ஆளுக்கு ஒரு தங்கச்சி இருக்கான்னு எழுதியிருக்கீங்க, அவ ஒரு வார்த்தை பேசலையே? நாத்தனார்னா உங்களுக்கு அவ்வளவு எளக்காரமா?" என்று டீச்சர் சண்டைக்கு வந்தாள். அவளை மறித்து ஒருவர் பேச, அவரை மறித்து இன்னொருவர் பேச, வரி வரியாக அக்காவின் கதையைப் பிய்த்துப் போட்டார்கள்.

ஒருவர்கூட இரக்கம் காட்டவில்லை. இதைவிடப் பெரிய மரியாதையை அக்கா பார்த்ததில்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது. பேனாவைத் தேடி எடுத்தாள்.

"ஒவ்வொருத்தரா திட்டுங்கப்பா" என்றாள். "எழுதிக்கணும்ல."