அப்பனைப் பார்க்காதவளின் மூச்சு

சபீனா பிறக்கும் முன்பே அவள் அப்பா பாஸ்டனுக்குக் கப்பலேறிவிட்டார். போனவர் போனவர்தான். அவர் விட்டுப்போன ஒரே சொத்து அவளுடைய மூச்சு. அப்பன் முகத்தையே பார்க்காத பிள்ளை மூன்று நாள் காலையில் வெறும் வயிற்றோடு ஊதினால் கைக்குழந்தையின் வாய்ப்புண் ஆறிவிடும் என்பது அயர்லாந்தின் மேயோ பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். சபீனாவுக்கு வயது நாற்பது. விவரம் தெரிந்த நாளிலிருந்து ஊதுகிறாள். நன்றி சொன்னால் வைத்தியம் பலிக்காது. அதனால் வருகிறவர்கள் பிள்ளையைப் போர்த்திக்கொண்டு பேசாமல் போய்விடுவார்கள். அப்புறம் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். நல்ல ஊர்.

வின்னியின் குழந்தைக்கு வாயெல்லாம் வெள்ளை படர்ந்து, மூன்று நாளாகப் பால் இறங்கவில்லை. இரண்டு காலை ஊதியாயிற்று. அன்று மதியம் சபீனா அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தபோது, முதுகுக்குப் பின்னால், அரைக்கதவுக்கு வெளியே ஒரு செருமல் கேட்டது.

"சபீனா... நான்தாம்மா, உன் அப்பா. எங்கண்ணன் சாவுக்கு வந்தேன். நாலு மணி பஸ்ஸுல கிளம்பறேன்."

வந்து பத்து நாளாகிறதாம். இன்றைக்குத்தான் தைரியம் வந்ததாம்.

அவளுக்கு அந்த ஆளை நிற்கவைத்து நாலு கேள்வி கேட்க வேண்டும், கட்டிக்கொண்டு அழவும் வேண்டும். ஆனால் திரும்பினால் நாளைக்கு அவள் மூச்சு வெறும் காற்று.

"உள்ள வாங்க. டீ தரேன். ஆனா திரும்ப மாட்டேன். ஒரு குழந்தைக்கு இன்னும் ஒரு காலை பாக்கி இருக்கு."

அவரும் இந்த ஊர்க்காரர்தானே, புரிந்துவிட்டது. "என்னாலயா உனக்கு அந்த மூச்சு?"

"வேற யாரால?"

சுவரைப் பார்த்தபடியே கோப்பையைப் பின்னால் நீட்டினாள். குளிர்ந்த விரல்கள் அவள் விரலில் பட்டன.

"நாளைக்கு வரைக்கும் இருக்க முடியாதா?"

"கப்பல் காத்திருக்காதேம்மா."

"அன்னைக்கும் காத்திருக்கலை போல."

கோப்பையை மேசையில் வைக்கும் சத்தம், பிறகு காலடிச் சத்தம். பஸ் போய் வெகுநேரம் ஆன பிறகுதான் சபீனா திரும்பினாள். டீ அப்படியே இருந்தது.

மறுநாள் காலை ஊதினாள். அங்கேயே குழந்தை மார்பைப் பற்றிக் குடித்தது. நன்றி வெளியே வந்துவிடக் கூடாதென்று வின்னி கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கதவருகே போனவள் நின்றாள்.

"நேத்து பஸ்கிட்ட அவரைப் பார்த்தேன், அக்கா. மூக்கு அப்படியே உங்களோடது."

அவள் போனதும் சபீனா கண்ணாடியை ஆணியிலிருந்து கழற்றி ஜன்னலோரம் கொண்டுபோனாள். அடுத்த குழந்தைக்கு வாய் புண்ணாகும்வரை யாரும் வரப்போவதில்லை. நிதானமாகப் பார்த்தாள்.