செவலைக்கு வந்த காய்ச்சல்

தருமபுரி ஸ்டேஷன் வாசலில் ஜட்கா ஓட்டிய காளியப்பனுக்கும் தர்மனுக்கும் ஐந்து வருஷமாகப் பேச்சு கிடையாது. மொரப்பூரிலிருந்து சின்ன ரயில் வந்து நின்றதும் ஒரே சவாரிக்கு இருவரும் பாய்வார்கள். அதில் வளர்ந்த பகை. 1938 மழைக்காலத்தில் தர்மனின் குதிரை நோய்ப்பட்டுச் செத்தது. அவன் அதே ஸ்டேஷனில் மூட்டை தூக்க ஆரம்பித்தான். காளியப்பன் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கார்த்திகையில் ஒருநாள் தர்மன் தானாகவே அவன் வண்டியருகே வந்தான்.

"உன் செவலைக் குதிரைக்குப் பின்னங்கால் வீங்கியிருக்குது பாரு. தீனி நல்லாத் தின்னும், உடம்பு மட்டும் வத்திக்கினே போவும். என் குதிரைக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. நான் சூடு போட்டுப் பாத்து வீணா நாளைக் கடத்திட்டன். நீ மாட்டாஸ்பத்திரிக்கு ஓட்டிக்கினு போ."

"என் வண்டியையும் நிறுத்திப்புடலாம்னு பாக்கறியா?" என்றான் காளியப்பன்.

தர்மன் மூட்டை தூக்கப் போய்விட்டான். நான்காம் நாள் பென்னாகரம் சாலையில் செவலை கால் மடங்கி விழுந்தது. அதைத் தட்டியெழுப்பி ஒரு புளியமரத்தில் கட்டிவிட்டு, காளியப்பன் நேராகத் தர்மன் வீட்டுக்கு நடந்தான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையைக் கழுவிக்கொண்டு உடனே கிளம்பினான். காளியப்பனால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இருவரும் செவலையை மெல்ல மாட்டாஸ்பத்திரிக்கு நடத்திக்கொண்டு போனார்கள்.

அங்கே கால்நடை டாக்டர் வெங்கடாசலம் குதிரையின் காதில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை.

"இந்தக் காய்ச்சல் விட்டுவிட்டு வரும். ஏறும்போதுதான் கிருமி கண்ணுக்குத் தெரியும். இங்கயே கட்டி வைங்க" என்றார்.

இரண்டு நாள் இருவரும் ஆஸ்பத்திரிக் கொட்டகையிலேயே கிடந்தார்கள். தர்மன் நிமிஷத்துக்கு ஒருமுறை செவலையின் காதைத் தொட்டுப் பார்த்தான். மூன்றாம் நாள் மதியம் காது கொதித்தது. இந்தமுறை டாக்டர் இருவரையும் கூப்பிட்டுக் கண்ணாடிக்குள் பார்க்கச் சொன்னார். ரத்தத்துக்குள் நூல் நூலாக ஏதோ துடித்து நெளிந்தது.

"இதுக்கு சர்ரான்னு பேரு. கடிக்கிற பெரிய ஈ ஒரு குதிரைகிட்டயிருந்து இன்னொண்ணுக்குக் கொண்டுபோயிடும்."

தர்மன் டாக்டர் பக்கம் திரும்பினான். "அப்ப என் குதிரையாலதான் வந்துதுங்களா?"

"அதை யாராலயும் சொல்ல முடியாதுப்பா. மருந்து இருக்கு, ஆனா சேலத்துலதான்."

"சீட்டு எழுதிக் குடுங்க. நான் போறன்" என்றான் தர்மன்.

அவன் சின்ன ரயிலில் மொரப்பூர் போய், அங்கிருந்து சேலம் போய், மறுநாளே மருந்தோடு திரும்பினான். டாக்டர் கழுத்து நரம்பில் ஊசி போட்டார். அடுத்த வாரம் மறுபடியும் போட்டார். ஈ அண்டாமலிருக்க வேப்பந்தழைப் புகை போட்டார்கள். வீக்கம் மெல்ல வடிந்தது. தை பிறந்தபோது செவலை தானாகவே தலையை உதறிக் கனைத்தது. காளியப்பன் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான்.

மறுபடி வண்டி பூட்டிய அன்று டாக்டர்தான் முதல் சவாரி. காளியப்பன் கடிவாள வாரைத் தர்மன் கையில் கொடுத்தான்.

"காலை ரயிலுக்கு நீ ஓட்டு. சாயங்காலத்துக்கு நான் ஓட்டறன். இனிமே இப்படித்தான்."

"எதுக்குப்பா இதெல்லாம்?"

"நான் அப்படிப் பேசினப்பறமும் கூப்பிட்டதும் வந்தியே. செவலை நீ குடுத்த உசுரு. ஏறு, டாக்டர் காத்துக்கினு இருக்காரு."

தர்மன் ஏறி உட்கார்ந்து நாக்கைச் சொடுக்கினான். செவலை கிளம்பியது.