ஆறாம் எண் மைக்

‘பதில் இல்லை.’ அடுத்த கேள்வி. ‘பதில் இல்லை.’ தட்டச்சாகி வந்திருந்த பதினொரு பக்கங்களையும் ஆஸ்பத்திரியின் மைக்குகளைப் பார்த்துக்கொள்ளும் மைக்கம்மா நின்றபடியே புரட்டினாள். பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பி விரல் வைத்து எண்ணினாள். பத்தொன்பது இடங்கள். விசாரணை நடந்த அன்றைக்கு அவள் கூட்ட அறையின் மூலையில்தான் உட்கார்ந்திருந்தாள். பத்தொன்பது கேள்விக்கும் அந்தப் பெண் வாய் திறந்து பதில் சொன்னதை இரண்டு காதாலும் கேட்டவள்.

ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் துணி தேய்க்கும் நீராவி அழுத்தி ஒன்றின் மூடி விழுந்து பக்கத்தில் நின்ற ஒருத்தியின் கை வெந்துபோனது. இயக்கியவளின் கவனக்குறைவு என்றது நிர்வாகம். மூடியின் கொக்கி நிற்கவில்லை என்று சூப்பர்வைசரிடம் மூன்று முறை சொன்னேன் என்றாள் இயக்கிய பெண். விசாரணை வைத்தார்கள். இங்கே விசாரணைக் குறிப்பை அறையில் இருந்தவர்கள் எழுதக்கூடாது. ஒலிப்பதிவு வெளியே போகும், முகம் தெரியாத ஒரு தட்டச்சர் காதில் விழுந்ததை மட்டும் அடித்து அனுப்புவார். பாரபட்சம் வந்துவிடக் கூடாதாம்.

அந்த அறையில் எட்டு மைக்குகள். யார் பேசுகிறாரோ அவருடைய மைக்கைத் தானே கண்டுபிடித்துத் தூக்கிக் கொடுக்கும் மிக்ஸர் வேண்டும் என்று இரண்டு கருவிகளைச் சோதனைக்கு வரவழைத்திருந்தார்கள். ஒன்று பாதி விலை. சத்தம் ஓர் அளவைத் தாண்டினால் மைக்கைத் திறக்கும், தாண்டாவிட்டால் இழுத்து மூடிவிடும். மற்றது எதையும் முழுக்க மூடாது, பேசுகிறவர் பக்கம் ஒலியைக் கூட்டி மற்றவற்றைத் தணிக்கும். மலிவானதை முதலில் மாட்டினார்கள். சோதித்தது மைக்கம்மாதான். எட்டு நாற்காலியிலும் மாறி மாறி உட்கார்ந்து “ஹலோ, ஒண்ணு, ரெண்டு, மூணு” என்றாள். இருபது வருடம் மேடைகளுக்குக் கீழே நின்று கத்திய தொண்டை. எட்டு விளக்கும் பச்சையாக எரிந்தன. ‘நன்றாக உள்ளது’ என்று தாளில் எழுதிவிட்டாள். இப்போது கோபத்தில் பாதி அந்த இரண்டு சொற்கள் மேல்தான்.

சலவை இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேல் கத்திப் பேசுகிற பெண், கம்பளம் விரித்த அறையில் ஐந்து அதிகாரிகள் முன்னால் குரல் நூலாகிப் போனாள். மைக்கைத் தொடாதே என்று யாரோ சொல்லிவிட்டதால் நாற்காலியின் முதுகோடு ஒட்டிக்கொண்டாள். அவளுக்கு முன்னால் இருந்த ஆறாம் எண் மைக் கடைசிவரை திறக்கவில்லை. பக்கத்தில் சூப்பர்வைசர் காகிதம் புரட்டிய சத்தத்துக்கு ஏழாம் எண் திறந்து திறந்து மூடியது.

“ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு நேரமாம்மா?” கொள்முதல் அதிகாரி வாசலில் நின்றார். துடைப்பத்துக்கும் மூன்று கொட்டேஷன் கேட்பவர் என்பதால் ஆஸ்பத்திரி முழுக்க அவருக்குப் பெயரே கொட்டேஷன்தான். “கருவி சரியா வேலை செஞ்சுதுன்னு போடுங்க. மூணு மணிக்கு குழு கூடுது, குறிப்போட சேர்த்து வைக்கணும்.”

“அந்தப் பொண்ணு பேசினது ஒண்ணுகூட இதுல இல்ல சார்.”

“மென்னு முழுங்கினா மிஷின் என்ன பண்ணும்?”

“நீங்களும் அங்கதான இருந்தீங்க? உங்க காதுல விழல?”

“என் காதுல விழுந்தது ரெக்கார்டு இல்லம்மா.”

“சூப்பர்வைசர் காகிதம் புரட்டினது மட்டும் கணீர்னு ரெக்கார்டு ஆயிருக்கு. அந்தக் காகிதம் வந்து சாட்சி சொல்லுமா?”

“அடுத்ததோட வெல ரெண்டு மடங்கு. எட்டு பேர் பேசற ரூமுக்கு யானையக் கட்டித் தீனி போடச் சொல்றீங்களா?” குரலைத் தணித்துக்கொண்டார். “நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்தது நீங்கதான். கிளறினா மொத மண்ணு உங்க தலையிலதான் விழும்.”

அவர் போன பிறகு மைக்கம்மா படிவத்தை எடுத்தாள். கையெழுத்துக்கான கட்டத்தில் எழுதினாள்: ‘என் குரலில் சோதித்தேன். அந்தப் பெண்ணின் குரலில் சோதிக்கவில்லை. தவறு என்னுடையது. பத்தொன்பது கேள்விக்கும் அவர் பதில் சொன்னார், நான் கேட்டேன்.’ தேதி போட்டுக் கூட்ட அறையில் குழுத் தலைவரின் இடத்தில் வைத்தாள். மலிவுக் கருவியைப் பிடுங்கினாள். பெட்டியைக் கிழித்து மற்றதை எடுத்து எட்டு ஒயரையும் சொருகினாள். ஒலிப்பதிவைத் தொடங்கினாள். மணி மூன்றாக ஐந்து நிமிடம் இருந்தது.

அந்தப் பெண் வெளி பெஞ்சில் காத்திருந்தாள்.

“உள்ள வாம்மா. உன் சீட்ல உக்காரு. அன்னிக்குச் சொன்னத ஒரு தடவ சொல்லு.”

“அன்னிக்கே எல்லாம் சொல்லிட்டேனே அக்கா?” அதே நூல் குரல். கருவியில் ஆறாம் எண்ணின் ஒலி அளவைக் காட்டும் முள் மெல்ல எழுந்து நின்றது.

“ஒண்ணும் பதியல. மிஷின் உன்ன எடுக்கல. நீ வாயே தெறக்கலன்னு எழுதி வச்சிருக்காங்க.”



“ஒரு பதில்கூடவா?”

“ஒண்ணுகூட இல்ல.”

“அஞ்சு பேரும் தலைய ஆட்டி ஆட்டிக் கேட்டாங்களே அக்கா!”

கதவு திறந்தது. தலைவர், பின்னால் குழு, அதற்குப் பின்னால் கொட்டேஷன். அவர்களைப் பார்த்து அவள் எழுந்தாள். மரியாதைக்கு எழுகிறாள் என்றுதான் மைக்கம்மா நினைத்தாள். அவள் மைக்கைக் கழுத்தோடு பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள்.

“கொக்கி நிக்கலன்னு மொத தடவ சொன்னது திங்கக்கெழம காலையில!”

சலவைக் கூடத்துக் குரல். முள் துள்ளிப்போய்ச் சிவப்பின் கடைசியில் முட்டியது, ஒலிபெருக்கி கரகரத்தது. தலைவர் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி உட்காராமல் நின்றார். முள் சிவப்புக்குப் போனால் ஒலியைக் குறைப்பதற்கு மைக்கம்மாவின் கை தானாகவே நீளும். இப்போதும் நீண்டது. அதை இழுத்துத் தன் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் அழுந்த உட்கார்ந்துகொண்டாள்.